ரோஜெட்டின் தெசாரஸ்: கடிதம் எழுதுகிறவர்களுக்கு உதவுமா?

மும்பை ஃபோர்ட்டில், ஃப்ளோரா ஃபவுண்டன் பக்கத்து நடைபாதைக் கடைகளில் ரோஜெட்டின் தெசாரஸ், அதாவது ஒத்த கருத்துள்ள ஆங்கிலச் சொற்களைத் தொகுத்துத் தரும் நூல், ஏதாவது ஒரு பதிப்பில் கண்ணில் படும். நான் வாங்கியது 1911ஆம் ஆண்டுப் பதிப்பின் மலிவான மறுஅச்சு. கடைக்காரர் 350 ரூபாய் சொன்னார், 200க்குக் கொடுத்தார். காப்புரிமைக் காலம் முடிந்துபோன நூல் என்பதால் இணையத்தில் குட்டன்பர்க் திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எனக்குத் தாளைப் புரட்டினால்தான் மனத்தில் நிற்கும். அதனால் காசு கொடுத்தேன்.

பல்லார்டு எஸ்டேட்டில் ஒரு சுங்க முகவர் அலுவலகத்தில் கடிதப் போக்குவரத்து என் பொறுப்பு. சரக்கைப் பிரித்தோம், அடுக்கினோம், சேர்த்தோம், ஒதுக்கினோம், ஆளை நிறுத்தினோம் என்பதையே வேறு வேறு ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருப்பதுதான் என் பிழைப்பு. அரேஞ்ச், ஆர்கனைஸ், சார்ட், கிளாசிஃபை, குரூப், அலாட் என்று ஆங்கிலத்தில் இதற்குச் சொல் பஞ்சமே கிடையாது. எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்பதில்தான் ஆள் தடுமாறுகிறது. இந்தப் புத்தகம் அங்கே கைகொடுக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

பீட்டர் மார்க் ரோஜெட் லண்டனில் மருத்துவராக இருந்தவர். ராயல் சொசைட்டிக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் செயலாளர். 1805லேயே தன் சொந்த உபயோகத்துக்கு ஒரு சொற்பட்டியல் போட்டு வைத்திருந்தார். ஓய்வுபெற்ற பிறகு அதை விரித்து 1852இல் அச்சிட்டபோது அவருக்கு வயது 73. கருத்து மனத்தில் இருக்கிறது, சொல்தான் வரவில்லை என்பவர்களுக்காகச் செய்த நூல் இது. உலகத்துக் கருத்துகளை ஆறு பெரும் வகுப்புகளாக்கி, ஆயிரம் தலைப்புகளில் சொற்களைக் கொட்டியிருக்கிறார். தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று தொகுதி போட்ட திவாகர நிகண்டைப் பள்ளியில் கேள்விப்பட்ட தமிழருக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகத் தோன்றாது. நிகண்டு மனப்பாடம் செய்ய வசதியாகப் பாட்டில் இருக்கிறது. இவருடையது வெறும் பட்டியல்.

நமக்கு வேண்டியது 60ஆம் தலைப்பு. 58 ஒழுங்கு, 59 ஒழுங்கின்மை, 60 ஒழுங்கு செய்தல், 61 ஒழுங்கைக் குலைத்தல் என்று எதிரெதிராக நிறுத்தியிருக்கிறார். 60ஐத் திறந்தால் அரேஞ்ச், மார்ஷல், ரேங்க், குரூப், அலாட், சார்ட், கிளாசிஃபை, ஃபைல், கேட்டலாக், கிரேடு, ஆர்கனைஸ் என்று ஒரே மூச்சில் ஓடுகிறது. நடுவில் ரிடில் என்று ஒன்று. விடுகதை என்று நினைத்தேன்; இங்கே அது பெருங்கண் சல்லடை, சலிப்பது என்ற வினை. கார்டு என்பது பஞ்சையும் கம்பளியையும் சிக்கெடுத்துக் கோதுவது; பரேலில் மில் ஓடிய காலத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெயர்ச்சொற்களில் டாக்சிஸ் என்று கிரேக்கத்திலிருந்து வந்த ஒன்று வேறு இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது தாதர் ஸ்டேஷன் வாசலில் மீட்டர் போட மறுக்கும் கறுப்பு மஞ்சள் வண்டிகள்தான்.

வேடிக்கை இருக்கட்டும். எந்தச் சொல்லுக்கும் இதில் பொருள் கிடையாது, எடுத்துக்காட்டு வாக்கியமும் கிடையாது. ஒரே வரியில் நிற்பதால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போடலாம் என்று படிப்பவர் முடிவு கட்டிவிடுகிறார்.

எங்கள் அலுவலகத்துக்குத் திருநெல்வேலியிலிருந்து புதிதாக வந்திருக்கும் பையன் அப்படித்தான் முடிவு கட்டினான். நாவா ஷேவா துறைமுகத்தில் ஒரு கன்டெய்னருக்குள் மழைநீர் புகுந்துவிட்டது. உள்ளே பொம்மைகளும் ஹேர் கிளிப்களும். உலர்ந்த அட்டைப்பெட்டிகள், நனைந்தவை, கிழிந்தவை என்று ஆட்களை வைத்து மூன்றாகப் பிரித்தான். சுங்கத்துக்குக் கடிதம் எழுதும்போது சார்ட் என்பது சின்னப் பிள்ளைகள் சொல்போல் இருக்கிறதென்று, 60ஆம் தலைப்பிலிருந்து கிளாசிஃபை என்பதை எடுத்துப் போட்டான். சரக்கை மூன்றாக கிளாசிஃபை செய்திருக்கிறோம் என்று கடிதம் போயிற்று. சுங்க வரிப் பட்டியலின் அத்தியாயங்களை வைத்து அதிகாரி ஒரே கேள்வி கேட்டார்: "பொம்மை 95ஆம் அத்தியாயம், ஹேர் கிளிப் 96ஆம் அத்தியாயம். மூன்றாவது எது?"

"அக்கா, இரண்டும் ஒன்றுதானே? ஒரே வரியில்தானே போட்டிருக்கிறார்?" என்று புத்தகத்தோடு வந்து நின்றான்.

"ஒரே வரியில் இருந்தால் ஒன்றாகிவிடுமா தம்பி? பெட்டியைத் தூக்கி வேறிடத்தில் வைத்தாயா, அல்லது இது இன்ன ரகம் என்று முடிவு சொன்னாயா?"

"தூக்கித்தான் வைத்தேன்."

"அப்படியென்றால் சார்ட்."

சார்ட் கைவேலை, குவியல் தனித்தனியாகப் பிரியும். கிளாசிஃபை தீர்ப்பு, பெட்டி இருந்த இடத்தை விட்டு அசையாமலே அதை முடித்துவிடலாம். அதிலும் சுங்கத்தில் அதற்குக் கனம் அதிகம். சரக்கை எட்டு இலக்க வரி எண் ஒன்றின் கீழ் நிறுத்துவதுதான் அங்கே கிளாசிஃபிகேஷன். எவ்வளவு வரி என்பதே அதை வைத்துத்தான்.

சரக்கு விஷயத்தில் இப்படி ஒரு கேள்வியோடு தப்பித்துவிடலாம். மனிதர்களை வைத்து எழுதும்போதுதான் இந்தப் புத்தகத்தின் மௌனம் ஆபத்தாகிறது. ஆர்கனைஸ் என்பதைப் பாருங்கள். கூட்டத்தை, கோப்புகளை, சுற்றுலாவை ஆர்கனைஸ் செய்யலாம். தொழிலாளர்களை ஆர்கனைஸ் செய்கிறோம் என்று மொட்டையாக எழுதினால், சங்கம் சேர்க்கிறோம் என்றுதான் படிப்பவர் முதலில் எடுத்துக்கொள்வார். அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் 1920இல் தொடங்கப்பட்ட ஊர் இது. இங்கே துறைமுகத்தை ஒட்டி இருக்கும் எந்த முதலாளிக்கும் அந்தக் கடிதம் வயிற்றைக் கலக்கும். கிடங்குக்குப் பத்துப் பேர் வேண்டும் என்றால் அரேஞ்ச் ஃபார் என்று எழுதுங்கள். அந்த ஃபார் விட்டுப்போனால் பத்துப் பேரையும் உயர வரிசைப்படி நிற்கவைத்ததுபோல் ஆகிவிடும். மாதாடி என்னும் சுமை தூக்கும் தொழிலாளர்களை அவர்களுக்கான வாரியம் அனுப்பினால் அலாட். வந்தவர்களில் ஒருவரிடம் நீங்கள் இன்ன வேலை என்று கொடுத்தால் அசைன்.

செக்ரிகேட் என்ற சொல்லை இந்த ஊர் குப்பைத் தொட்டியிலிருந்து கற்றுக்கொண்டது. ஓலா கச்சரா (ஈரக் குப்பை) ஒரு வாளி, சுகா கச்சரா (உலர் குப்பை) ஒரு வாளி. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் வீட்டு அபாயக் கழிவையும் சேர்த்து மூன்றாகப் பிரிக்கச் சொல்லியிருந்தன. குப்பைக்கு அது சரியான சொல். ஆனால் செம்பூரில் நான் குடியிருக்கும் ஹவுசிங் சொசைட்டியின் அறிவிப்புப் பலகையில், கணபதி விழா ஓவியப் போட்டிக்குக் குழந்தைகள் வயதுவாரியாக செக்ரிகேட் செய்யப்படுவார்கள் என்று ஒட்டியிருந்தார்கள். அமெரிக்காவில் கறுப்பினக் குழந்தைகளைத் தனிப்பள்ளிக்குத் தள்ளிவைத்ததற்கு இருந்த பெயர் அது. பள்ளிகளில் அதைச் செல்லாதென்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. குழந்தைகளை குரூப் செய்தால் போதாதா? சார்ட் அவுட் என்றும் எழுதிவிடாதீர்கள். மனிதரைச் சார்ட் அவுட் செய்வது என்றால் பேச்சு வழக்கில் 'நாலு தட்டு தட்டி வழிக்குக் கொண்டுவருவது'.

இன்னொரு குறை, வயது சார்ந்தது. எங்கள் தொழிலில் தினமும் புழங்கும் கன்சாலிடேட், அதாவது பல ஏற்றுமதியாளர்களின் சின்னச் சின்னச் சரக்கை ஒரே கன்டெய்னரில் சேர்ப்பது, 60ஆம் தலைப்பில் இல்லை. 1911இல் இன்றைய கப்பல் கன்டெய்னரே இல்லையே, தொகுத்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

பிறகு ஏன் இன்னும் மேசைமேல் வைத்திருக்கிறேன்? தொண்டையில் நிற்கும் சொல்லை இது மூன்று நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிடுகிறது. மார்ஷல் என்ற சொல் எனக்கு இதில்தான் மீண்டும் அகப்பட்டது. ரயில் வேகன்களை யார்டில் கோப்பதற்கும், மேல்முறையீட்டு மனுவில் வாதங்களை முன்பின்னாக நிறுத்துவதற்கும் அதைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தெரியவில்லை. சொல் கிடைத்தவுடன் எழுதிவிடுவதில்லை. ஆக்ஸ்ஃபோர்டு அல்லது கேம்பிரிட்ஜின் மாணவர் அகராதியை இணையத்தில் திறந்து, அந்த வினைக்குப் பின்னால் ஆள் வருகிறாரா, பொருள் வருகிறதா என்று எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பார்க்கிறேன். இரண்டும் இலவசம்.

ஆங்கிலத்தில் ஏற்கெனவே நிறையப் படித்தவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், குறுக்கெழுத்துப் பிரியர்கள் தாராளமாக வாங்கலாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கடிதம் எழுதக் கற்கும் பிள்ளைகளுக்கு நான் வாங்கித் தரமாட்டேன். அவர்களுக்கு எடுத்துக்காட்டு வாக்கியம் உள்ள அகராதி முதலில், இது சில வருடம் கழித்து. நடைபாதையில் வாங்குகிறவர்கள் அட்டையைப் பார்க்காமல் பின்பகுதியைப் பாருங்கள். எந்தச் சொல் எந்தத் தலைப்பில் இருக்கிறது என்று காட்டும் அகரவரிசைப் பட்டியல் அங்கேதான் இருக்கிறது, தையல் விட்டு முதலில் உதிர்வதும் அந்தப் பக்கங்கள்தான். அது இல்லாத பிரதியை 20 ரூபாய்க்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.