வெள்ளை மை உறங்கினால் நட்டம்: யாழ்ப்பாணத்தில் ரீசேட் அச்சுக்கு எந்த இயந்திரம்?

பங்குனியில் வடக்கின் பெரும் சமர் என்ற கல்லூரிக் கிரிக்கெட் ஆட்டம் நெருங்கும்போது ஒரே கல்லூரிச் சின்னத்தோடு 300 ரீசேட் கேட்டு ஆள் வரும். அது முடிந்தால் இரண்டு கிழமைக்குக் கடை ஈயோட்டும். பிறகு ஒருவர் வந்து, பிறந்தநாளுக்குப் பன்னிரண்டு, ஒவ்வொன்றிலும் வேறு பெயர், நாளைக்கே வேணும் என்பார். மணிக்கு எத்தனை சேட்டு அடிக்கும் என்பதைத்தான் இயந்திர விளம்பரங்கள் சொல்கின்றன. இங்கே முதலில் கேட்க வேண்டியது வேறு: வேலையில்லாத பத்து நாளில் இது எவ்வளவு மையைக் குடிக்கும்?

டிடிஜி என்றால் துணியில் நேரே மை அடிப்பது; டிடிஎஃப் என்றால் பிலிமில் அடித்துச் சூட்டில் துணியில் ஒட்டுவது; ஸ்கிரீன் என்றால் வலையினூடு மையைத் தள்ளுவது. அந்தக் கேள்வியோடு கோர்னிட் போன்ற தொழிற்சாலை டிடிஜி, பிரதர், எப்சன் போன்ற சிறிய டிடிஜி, டிடிஎஃப், பழைய ஸ்கிரீன் ஆகிய நான்கையும் பார்ப்போம். சாயத்தைச் சூட்டில் ஆவியாக்கித் துணியில் ஏற்றும் சப்ளிமேஷனுக்கு இந்தப் போட்டியில் இடமில்லை. அது பொலியெஸ்டருக்கு மட்டும், அதுவும் வெள்ளை அல்லது வெளிர் நிறத்துக்கு மட்டும். விளையாட்டுக் கழக ஜேர்சி அடிக்க அதை விஞ்ச ஒன்றுமில்லை; கறுப்புப் பருத்திச் சேட்டில் அதனால் ஒன்றும் ஆகாது.

வில்லன் வெள்ளை மை

கறுப்புத் துணியில் நிறம் எடுபட அடியில் வெள்ளை விரிக்க வேண்டும். அந்த மையின் நிறமி டைட்டேனியம் டைஒக்சைட். நீரைவிடச் சுமார் நான்கு மடங்கு அடர்த்தியானது என்பதால் அசையாமல் விட்டால் அடியில் படியும். குழாயில் படியும், தலைக்கு முன்னுள்ள சிறு மைப்பெட்டியான டாம்பரில் படியும், கடைசியில் அச்சுத் தலைக்குள்ளேயே படியும். மற்ற நிற மைகள் சில நாள் சும்மா கிடந்தாலும் ஒரு கிளீனிங்கில் திரும்பி வரும். வெள்ளை அப்படி வராது. தலை மாற்றும் செலவுதான் இந்தத் தொழிலில் பலரின் மூலதனத்தைத் தின்பது.

கோர்னிட்: ஈரத்தின் மேல் ஈரம்

கோர்னிட் டிஜிட்டல் 2002இல் இஸ்ரேலில் தொடங்கிய கொம்பனி. 2015இல் நாஸ்டாக் பங்குச்சந்தைக்குப் போனது. அவர்களின் பலம் ஒரே விஷயத்தில் இருக்கிறது. சிறிய டிடிஜியில் கறுப்புச் சேட்டுக்கு முதலில் மையைப் பிடித்துவைக்கும் ப்ரீட்ரீட் திரவம் தெளித்து, ஹீட் பிரஸ்ஸில் காயவைத்து, பிறகுதான் அச்சுக்குப் போடலாம். கோர்னிட் அந்தத் திரவத்தை இயந்திரத்துக்குள்ளேயே, மை விழுவதற்குச் சற்று முன் தெளிக்கிறது. ஈரத் துணியில் மை விழுந்ததும் பரவாமல் உறைகிறது. ஒரு ஆள், ஒரு படி. ரீசேட்டுக்கு அட்லஸ், அவலாஞ்ச், சுருள் துணிக்குப் பிரெஸ்ரோ என்று வரிசையாக வைத்திருக்கிறார்கள். பிரெஸ்ரோவில் அடித்த துணியை நீராவியில் வேகவைக்கவோ கழுவவோ தேவையில்லை.

ஆனால் இது தனியே வந்து குந்தும் பெட்டி அல்ல. மூன்று பேஸ் மின்சாரம், அழுத்தக் காற்று, கன்வேயர் உலர்த்தி, ஈரப்பதத்தைக் கட்டிவைக்கும் குளிரூட்டிய அறை எல்லாம் கூடவே வேண்டும். கிளிநொச்சி, வவுனியாவில் உள்ளவை போன்ற ஆடைத்தொழிற்சாலையோடு நாள்தவறாத ஒப்பந்தம் கையில் இருந்தால் யோசிக்கலாம். பெரும் சமர் ஒடரை நம்பி வாங்குவது, தோட்டத்துக்கு இறைக்கத் துறைமுகப் பம்ப் வாங்குவது போல.

சிறிய டிடிஜி

பிரதர் ஜிடிஎக்ஸ்ஸின் அதிகபட்ச அச்சுப் பரப்பு 16 × 21 அங்குலம். எப்சன் எஃப்2100இல் 16 × 20. அச்சுத் தரத்தில் இரண்டுக்கும் சண்டை மூட்டுவது வீண். வித்தியாசம் வேறு இடத்தில்: எப்சன் எஃப்2200 வரிசை துணியிலும் அடிக்கும், டிடிஎஃப் பிலிமிலும் அடிக்கும். ஒடர் இல்லாத நாளில் பிலிமாவது ஓட்டலாம், வெள்ளை மை அசையும். யாழ்ப்பாணத்துக்கு அது பெரிய காரணம்.

கறுப்புச் சேட்டின் வழி இது. 14 × 16 அங்குலப் படத்துக்கு 20 முதல் 30 கிராம் ப்ரீட்ரீட். அதை ஐதாக்கக் கிணற்றுத் தண்ணீரைத் தொடவே கூடாது. எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீரிலுள்ள உப்பு தெளிப்பானின் நொசிலை அடைக்கும், காய்ந்ததும் சேட்டில் வெள்ளை வளையமாகத் தெரியும். பெற்றோல் ஷெட்டில் விற்கும் பற்றறித் தண்ணீர், அதாவது காய்ச்சி வடித்தது, போதும். அமிலம் கலந்த போத்தலை மாறி எடுத்துவிடாதீர்கள். தெளித்த பின் ஹீட் பிரஸ்ஸில் முழுவதும் உலர்த்துங்கள். பிரஸ்ஸைத் திறக்கும்போது ஆவி எழுந்தால் இன்னும் காயவில்லை. அரை ஈரத்தில் அடித்தால் வெள்ளை துணிக்குள் இறங்கிச் சாம்பல் நிறமாகும். அச்சடித்த பின் ஹீட் பிரஸ் என்றால் 180 பாகை, 35 விநாடி. உலர்த்தி என்றால் 160 பாகை, மூன்றரை நிமிடம். இதில் கஞ்சத்தனம் பண்ணினால் மூன்றாம் துவைப்பில் படம் வெடிக்கும்.

பயன் என்னவென்றால் மை நூலோடு சேர்ந்துவிடும், காற்றுப் புகும். சித்திரை வெயிலில் போடுகிறவருக்கு இந்த வித்தியாசம் உடனே தெரியும்.

அடுத்தது கரண்ட். அடித்துக்கொண்டிருக்கும்போது நின்றால் அச்சுத் தலை, மை காயாமல் காக்கும் மூடியை விட்டு வெளியே நிற்கும். வெள்ளை காயச் சில நிமிடம் போதும். இயந்திரத்துக்கு மட்டும் ஒரு ஒன்லைன் யூபிஎஸ் வையுங்கள். ஹீட் பிரஸ்ஸை அதில் கொழுவ வேண்டாம்; 40 × 60 சென்ரிமீற்றர் பிரஸ் ஒன்றே 2 கிலோவாற் அளவில் இழுக்கும். கரண்ட் போனதும் கையிலுள்ள சேட்டை முடித்து, தலையை மூடிக்கு அனுப்பிவிட்டுத்தான் ஜெனரேற்றர் பக்கம் போக வேண்டும். 2022 பங்குனி இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இரவிலும் மெயின் சுவிச்சை அணைக்கக் கூடாத இயந்திரங்கள் இவை. தானாகச் சுத்தம் செய்வதும் மையைச் சுற்றவிடுவதும் அப்போதுதான் நடக்கும்.

கிழமையில் ஆறு நாளும் நாளுக்கு 15 கறுப்புச் சேட்டாவது இல்லாவிட்டால் டிடிஜி வாங்காதீர்கள் என்பது எங்கள் கணிப்பு.

டிடிஎஃப்

பிலிமில் படத்தைக் கண்ணாடி விம்பமாக, முதலில் நிறம், மேலே வெள்ளை என்று அடித்து, ஈரம் காயுமுன் ஒட்டும் தூளைத் தூவி, மிச்சத்தை உதறி, 110–130 பாகையில் இரண்டு மூன்று நிமிடம் உருக்க வேண்டும். பிறகு சேட்டில் 150–160 பாகையில் 10–15 விநாடி அழுத்தி, ஆறவிட்டு உரித்து, பேக்கிங் பேப்பர் வைத்து இன்னொருமுறை. பருத்தி, பொலியெஸ்டர், கலப்பு எதிலும் ஒட்டும்.

இதிலும் அதே வெள்ளை மைதான், அதே அடைப்புத்தான். ஆனால் ஒரு வாசல் திறந்திருக்கிறது: பிலிமை நீங்களே அடிக்க வேண்டியதில்லை. கொழும்பில் மீற்றர் கணக்கில் அடிப்பித்து இரவு பஸ்ஸில் எடுத்தால், இங்கே ஹீட் பிரஸ் ஒன்றே போதும். 60 சென்ரிமீற்றர் அகலப் பிலிமின் ஒரு மீற்றரில் 28 × 35 முன்பக்கப் படம் நான்கு வரும். மிஞ்சும் 30 சென்ரிமீற்றர் பட்டியில் 9 சென்ரிமீற்றர் மார்புச் சின்னம் பதினெட்டு வரும். அந்தப் பட்டிக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள், வெறுமையாக விடாதீர்கள்.

சறுக்கும் இடங்களும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த பொதியில் தூள் கட்டிபடும், பிலிம் வியர்த்து எண்ணெய்ப் பசை விடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். தூள் சீனிபோல் மணிமணியாகத் தெரிந்தால் உருகியது போதாது. துவைப்பில் ஓரம் கிளம்பும். பெரிய நிரப்பிய சதுரம் நெஞ்சில் பிளாஸ்ரிக் துண்டு ஒட்டியதுபோல் வியர்க்கும். வடிவமைப்பில் இடைவெளி விட்டு, எழுத்தாகவும் கோடாகவும் பிரியுங்கள்.

ஸ்கிரீன்

ஒரு நிறம், 50 சேட்டுக்கு மேல் என்றால் இன்னும் இதுதான் மலிவு. கறுப்பில் வெள்ளை அடிக்க 43 மெஷ் (சென்ரிமீற்றருக்கு 43 இழை உள்ள வலை), நுணுக்கக் கோட்டுக்கு 77. பிளாஸ்ரிசோல் மை 160 பாகையில் வேகும், சும்மா கிடந்தால் காயாது. பெரும் சமர் 300ஐ இதில் முடித்து, பெயரும் இலக்கமும் மட்டும் டிடிஎஃப்பில் ஒட்டுவது நல்ல கூட்டு. மழைக்காலத்தில் வலையில் பூசும், ஒளிபட்டு இறுகும் எமல்ஷன் முழுக்கக் காயாமல் வெளிச்சம் காட்டினால் கழுவும்போது உரிந்து போகும். அந்த அறையில் ஒரு மின்விசிறியும் ஈரமானியும் வையுங்கள்.

பழைய டிடிஜி மலிவாகக் கிடைத்தால்

மாலையில் ஒரு நொசில் செக், அதாவது எல்லா மைத்துளையும் கோடு போடுகிறதா என்று காட்டும் சோதனை அச்சு, எடுங்கள். வெள்ளைக் கடதாசியில் வெள்ளை தெரியாது, கறுப்புத் துணியிலோ தெளிந்த பிலிமிலோ எடுக்க வேண்டும். இரவு இயந்திரத்தை வழக்கம்போல் விட்டு, காலையில் கிளீனிங் எதுவும் ஓட்டாமல் இன்னொன்று எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து வெள்ளைக் கோடுகளை எண்ணுங்கள். மாலையில் இருந்த கோடு காலையில் இல்லை என்றால் காற்று இழுக்கிறது. டாம்பரும் மூடியும் மாற்றப் பார்க்கலாம். இரண்டிலும் அதே இடத்தில் வெறுமை என்றால் அநேகமாகத் தலை போய்விட்டது. புதுத் தலையின் விலையைக் கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.