கீழ்முதுகு வலிக்கு மெக்கில் பயிற்சிகள்: மாதக்கணக்கில் செய்யும்போது தெரிய வருபவை

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பு ஆய்வுப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைத்த மூன்று பயிற்சிகளைப் பல பிசியோக்கள் எழுதிக் கொடுக்கிறார்கள்: கர்ல்-அப், சைடு பிளாங்க், பேர்ட் டாக். பார்க்க எளிமையானவைதான். ஆனால் தொடர்ந்து செய்யும்போது அளவும் நேர்த்தியும் தவறினால் பலன் கிடைக்காது.

அதிகம் கெட்டுப்போவது பேர்ட் டாக். கையையும் முழங்காலையும் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் நீட்ட வேண்டும். காலை இடுப்பு மட்டத்துக்கு மேல் தூக்கினால் கீழ்முதுகு குழிந்து, இடுப்பு ஒரு பக்கம் திரும்பிவிடும். குதிகாலைப் பின்னால் தள்ளுங்கள், மேலே தூக்காதீர்கள். கர்ல்-அப்பில் மல்லாந்து படுத்து, ஒரு காலை மட்டும் மடக்கி, இரு கைகளையும் இடுப்புக் குழிவின் கீழ் வைத்து, தலையையும் தோளையும் தரையிலிருந்து லேசாக எடுத்தால் போதும். தாடை நெஞ்சில் முட்டினால் கழுத்துதான் வலிக்கும். ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்கும் சைடு பிளாங்கை முழங்கால் மடக்கித் தொடங்கலாம். முழங்கை தோளுக்கு நேர் கீழே இருக்கட்டும்.

ஒவ்வொரு முறையும் அந்த நிலையில் பிடித்திருப்பது 10 விநாடிக்குள் முடியட்டும். முதல் செட்டில் 6 முறை, அடுத்து 4, கடைசியில் 2. தசை களைத்தால் நேர்த்தி குலையும் என்பதால்தான் இப்படி இறங்குவரிசை. பலம் கூடினால் முறைகளைக் கூட்டுங்கள், விநாடிகளை அல்ல. ஒரு நிமிடம் பல்லைக் கடித்துப் பிடிப்பதில் இங்கே எந்தப் பெருமையும் இல்லை.

எழுந்ததும் குனிந்து கால் விரலைத் தொடும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. இரவில் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகள் (டிஸ்க்) நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். அப்போது குனிந்தால் அழுத்தம் கூடும். ஒரு மணி நேரமாவது போகட்டும்.

காலில் இருந்த வலி மேலேறி இடுப்போடு நின்றால் நல்ல அறிகுறி. கெண்டைக்கால் பக்கம் இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு பிசியோவிடம் சொல்லுங்கள். தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, கால் பலமிழந்தாலோ உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

வலி போன பிறகு நடையை விடாதீர்கள். 2024இல் லான்செட் இதழில் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், வலியிலிருந்து மீண்டவர்களுக்குப் படிப்படியாகக் கூட்டிய நடைத்திட்டமும் அதோடு சேர்த்துக் கற்பித்தலும் தரப்பட்டன. வாரத்தில் 5 நாள், 30 நிமிடம் நடப்பது இலக்கு. அவர்களுக்கு வலி திரும்ப எடுத்த இடைநிலைக் காலம், அதாவது பாதிப் பேருக்கு வலி திரும்ப ஆன காலம், 208 நாள். இவை எதுவும் தரப்படாதவர்களுக்கு 112 நாள்.