கார்டு சார்ட்டிங்கா, ட்ரீ டெஸ்டிங்கா? குழுக் கூட்டத்தில் எது எடுபடும்?

பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்த ஓர் ஆய்வு வலையமைப்பின் வலைத்தளத்தை மாற்றியமைக்கும் வேலை. மெனுவை எப்படிப் பிரிப்பது என்பதைப் பயனர்களை வைத்தே முடிவு செய்ய நினைத்தோம். அதற்கான கார்டு சார்ட்டிங், ட்ரீ டெஸ்டிங் என்ற இரண்டு முறைகளையும் முழுதாகச் செய்ய நேரமில்லை. ட்ரீ டெஸ்டிங்கை எடுத்தோம். இன்று யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

கார்டு சார்ட்டிங் பலருக்கும் தெரிந்ததுதான். பக்கங்களின் பெயர்களை அட்டைகளில் எழுதிக் கொடுத்து, எதை எதோடு சேர்ப்பது என்று பயனர்களிடமே விட்டுவிடுவது. 15 பேர் போதும் என்று வலைத்தளப் பயன்பாட்டு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2004-இல் எழுதினார். முன்னோட்டமாகச் சிலரிடம் செய்தும் பார்த்தோம். பேராசிரியர்கள் பணிக்குழு வாரியாக அடுக்கினார்கள். முனைவர் பட்ட மாணவர்கள் நிதி, பயிற்சி, வேலை என்று அடுக்கினார்கள். இரண்டுமே நியாயம்தான். ஆனால் எதை வைத்துக்கொள்வது என்ற கேள்வி அப்படியே நின்றது.

ட்ரீ டெஸ்டிங் எதிர்த்திசையில் போகிறது. வண்ணம், படம், தேடல் பெட்டி எதுவும் இல்லாமல் மெனுவின் தலைப்புகளை மட்டும் காட்டி ஒரு வேலை கொடுப்போம்: "வெளிநாட்டு மாநாட்டில் கட்டுரை படிக்கப் போகிறீர்கள், டிக்கெட் செலவுக்கு உதவி கிடைக்குமா என்று எங்கே பார்ப்பீர்கள்?" (மெனுவில் 'பயண நல்கை' என்று இருந்தால் கேள்வியில் அந்தச் சொல் வரக்கூடாது. வந்தால் சொல்லைப் பார்த்துச் சொல்லை அழுத்திவிடுவார்கள்.) பழைய மெனுவில் பலரும் 'செயல்பாடுகள்' போய், திரும்பி, 'செய்திகள்' போய், அப்புறம் விட்டுவிட்டார்கள். அந்தப் பக்கமோ 'பணிக்குழுக்கள்' தலைப்புக்குள், பயிற்சிக் குழுவின் அடியில் கிடந்தது.

என் முடிவுக்குக் காரணம் இந்தத் தடம்தான். வலையமைப்பு என்றால் தனி முதலாளி கிடையாது. ஒவ்வொரு உறுப்பு நிறுவனத்துக்கும் ஒரு பிரதிநிதி, ஒவ்வொருவருக்கும் தன் திட்டம் முதல் வரிசையில் வரவேண்டும். கார்டு சார்ட்டிங்கின் முடிவைக் கொண்டுபோனால் "எங்கள் துறையில் இப்படி யோசிக்க மாட்டார்கள்" என்று ஒருவர் சொல்வார், விவாதம் மறுபடி முதலிலிருந்து. எத்தனை பேர் சரியான பக்கத்தை அடைந்தார்கள், முதலில் எங்கே அழுத்தினார்கள், எங்கே திரும்பினார்கள் என்ற அட்டவணையை வைத்தால் பேச்சு மாறுகிறது. 'பணிக்குழுக்கள்' முதல் வரிசையிலிருந்து இறங்கியது அப்படித்தான்.

இன்னொன்று, அதே கேள்விகளைப் புதிய மெனுவிலும் கேட்கலாம். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நிதிக் காலம் முடிந்து ஒருங்கிணைப்பாளர் மாறுவார், வந்தவர் மெனுவில் ஒரு தலைப்பு சேர்க்கச் சொல்வார். சரி, சேர்த்துச் சோதித்துப் பார்ப்போம் என்று சொல்ல முடிகிறது. கார்டு சார்ட்டிங்கை இப்படி ஒப்பிடுவது கடினம். குழுக்களுக்குப் பயனர்களே பெயர் வைக்கும் திறந்த முறையில் செய்தால் அந்தப் பெயர்களே ஒவ்வொரு தடவையும் வேறு.

ஆள் சேர்ப்பதில் கார்டு சார்ட்டிங் முந்துகிறது. ட்ரீ டெஸ்டிங்கின் எண்களை நம்ப 50 பேராவது வேண்டும் என்பதே பொதுவான பரிந்துரை. உறுப்பினர்கள் ஒரு மின்னஞ்சலில் கிடைத்துவிடுவார்கள். வலையமைப்பின் பெயரையே கேள்விப்படாத வெளி ஆய்வாளர்களைப் பிடிப்பதுதான் பாடு. மென்பொருள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தகவல் கட்டமைப்பு நிபுணர் டோனா ஸ்பென்சர் 2003-இல் இந்த முறையை விளக்கியபோது காகித அட்டைகளைத்தான் பயன்படுத்தினார்.

நாங்கள் சோதித்தது ஒரே மொழியில் இருந்த தளம். பல மொழித் தளத்தில் ஒவ்வொரு மொழிக்கும் தனியாகச் சோதிக்க வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் செய்து பார்த்ததில்லை. கையில் வரைவு மெனுவே இல்லாத புது வலையமைப்பு என்றால் கார்டு சார்ட்டிங்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். சோதிக்க ஒரு மரம், அதாவது கிளை கிளையாகப் பிரிந்த ஒரு மெனு, வேண்டுமே. கூகுளிலிருந்து நேராக உள்பக்கத்தில் வந்து இறங்குபவர்களைப் பற்றி இரண்டுமே எதுவும் சொல்லாது. அதற்குத் தளத்தின் வருகைப் பதிவுகளைத் தனியாகப் பார்க்க வேண்டும்.