கம்பளிப்பூச்சிக் காலத்தில் நாய்க்கு வாய்மூடியா, குட்டைக் கயிறா?

மழைக்கு அப்புறம் எங்கள் தாராபுரம் பக்கம் முருங்கைத் தண்டுகளில் கம்பளிப்பூச்சி அப்பிக்கொள்ளும். பகலில் பார்த்தால் பழைய சாக்கை ஒட்டி வைத்த மாதிரி கும்பலாகக் கிடக்கும், இருட்டினால்தான் மேலே ஏறி இலையைத் தின்னும். மரத்தில் இருக்கிறவரை நாய்க்கு ஒன்றுமில்லை. தோட்டத்துக்காரர் தீப்பந்தம் காட்டும்போது பொலபொலவென்று விழுமே, அதுதான் வம்பு, செத்த பூச்சியின் மயிரும் அரிக்கும். போன ஐப்பசியில் இட்டேரியில், அதாவது இரண்டு பக்கமும் வேலி இருக்கிற மண்பாதையில், போகும்போது எங்கள் நாய் மணி ஒரு பூச்சியைக் கவ்விவிட்டான். ஒரே நிமிடத்தில் எச்சில் நூலாக ஒழுக, மூக்கைத் தரையில் தேய்க்க ஆரம்பித்துவிட்டான். நான் துண்டால் துடைத்தேன், அது தப்பு, தேய்த்தால் மயிர் இன்னும் உள்ளே இறங்கும், தண்ணீரை ஊற்றி அலசிவிட்டு உடனே டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டும்.

அதற்கப்புறம்தான் வாய்மூடி வாங்கினேன். கடைக்காரர் கொடுத்தது நைலான் பட்டை, வாயை இறுக்கிக் கட்டுகிற வகை. வாங்காதீர்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும், எங்கள் ஊர் ஒன்பது மணி வெயிலில் அதன் வாயைக் கட்டினால் பூச்சியைவிடப் பெரிய ஆபத்து. கூடை மாதிரி இருக்கிற வகை தேவலை, இரைக்கலாம், தண்ணீர்கூடக் குடிக்கலாம். ஆனால் கருவாட்டுத் துண்டை உள்ளே வைத்து ஒரு வாரம் பழக்கினால்தான் மூஞ்சியை நீட்டுவான். அப்படியும் அது விழுங்குவதைத்தான் தடுக்கும், முகர்வதை இல்லை, மயிர் சந்து வழியாகப் போய் மூக்கில் குத்தும்.

குட்டைக் கயிறு என்றால் நாலடி, அவ்வளவுதான். தலை கீழே போகும்போதே இழுத்துவிடலாம். பட்டனை அமுக்கினால் நீளுகிற கயிறு இந்தச் சமயத்துக்கு ஆகாது, நீங்கள் பட்டனைத் தேடுவதற்குள் அவன் வேலியடியில் மேய்ந்திருப்பான். ஒரே கஷ்டம், போனைப் பையில் போட்டுவிட்டுத் தரையைப் பார்த்தே நடக்க வேண்டும்.

“விடு” என்றால் விடுகிற பழக்கம் நல்லதுதான், மணியும் கேட்பான், பசி இல்லாத நாளில்.

வழியை மாற்றலாமே என்றால், மூலனூர், அரவக்குறிச்சி மாதிரி முருங்கை நிறைந்த ஊரில் எங்கே போவது? தார்ரோடு இருக்கிறது, லாரியும் இருக்கிறது. ஆனாலும் பந்தம் பிடித்த தோட்டத்தை நாலைந்து நாள் சுற்றிப்போகலாம், விடியுமுன் கிளம்பினால் டார்ச் வேண்டும்.

என் ஓட்டு குட்டைக் கயிற்றுக்கு. கண்டதையும் விழுங்குகிற நாய் என்றால் மட்டும் மழை மாதங்களில் கூடைமூடியையும் சேர்த்து மாட்டுங்கள். நான் இப்போது இடுப்பில் ஒரு தண்ணீர் பாட்டிலும், மயிரைக் கையால் தொடாமலிருக்க ஒரு ஜோடி ரப்பர் கையுறையும் வைத்துக்கொண்டுதான் இட்டேரியில் இறங்குகிறேன்.