க்ளாக்கோமா: கண்ணுக்குப் போட்ட சொட்டும் நெஞ்சில் வந்த இழுப்பும்

எனக்கு க்ளாக்கோமா, அதாவது கண்ணுக்குள் பிரஷர் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கிற நோய், இருப்பது 2011 ஆடியில் கண்ணாடி மாற்றப் போன இடத்தில்தான் தெரிந்தது. வலது கண்ணில் பிரஷர் 28, இடதில் 26. 21க்குள் இருக்க வேண்டுமாம். வலியும் இல்லை, மங்கலும் இல்லை. பார்வை எவ்வளவு அகலம் தெரிகிறது என்று பார்க்கும் ஃபீல்ட் டெஸ்டில் மட்டும் வலது கண்ணின் மூக்குப் பக்கம் ஒரு கருப்புத் திட்டு. போன பார்வை வராது, இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து என்று சொல்லிச் சீட்டு எழுதினார்கள்.

முதலில் டிமோலால் சொட்டு, காலை ஒன்று, ராத்திரி ஒன்று. விலை குறைவு, எரிச்சலும் பெரிதாக இல்லை. ஒரே மாதத்தில் 20க்கு இறங்கியது. சின்ன வயசில் எனக்கு வீசிங் இருந்ததை டாக்டரிடம் சொல்லவில்லை. கண்ணில் விடுகிற சொட்டுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்ற நினைப்பு. ஐப்பசி மழை பிடித்ததும் இழுப்பு வந்துவிட்டது, நாடியும் 50க்கு இறங்கிவிட்டது. நல்ல திட்டு வாங்கினேன். கண்ணில் விட்ட சொட்டு கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கு இறங்கி ரத்தத்தில் கலந்துவிடுமாம்.

அடுத்து லாட்டனோப்ரோஸ்ட். ராத்திரி ஒரு சொட்டு, அவ்வளவுதான். பிரிக்காத பாட்டில் பிரிட்ஜில் இருக்க வேண்டும். பிரித்தால் 25 டிகிரிக்குள் ஆறு வாரம் வெளியில் வைக்கலாம். கடலூர் சித்திரையில் 25 டிகிரிக்கு எங்கே போவது? அந்த டிசம்பர் 30இல் அடித்த 'தானே' என்ற புயலில் எங்கள் தெருவில் இரண்டு வாரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. பிரித்த பாட்டிலை மண்பானைக்குப் பக்கத்தில் வைத்து ஓட்டினேன், பிரிக்காததைத் தூக்கிப் போட்டேன். இப்போது பிரிட்ஜ் தேவைப்படாத வகையும் கிடைக்கிறது. இந்தச் சொட்டால் இமை முடி நீளும், கண்ணைச் சுற்றிக் கருக்கும். "என்னங்க, மை போட்டிருக்கீங்களா?" என்று வீட்டுக்காரி இன்னும் கேட்கிறாள்.

சில வருஷம் கழித்துக் கண்ணில் அந்தக் கருப்புத் திட்டு கொஞ்சம் பெரிதானதால் டார்சோலமைடு சொட்டும் சேர்ந்தது. எரிச்சல் ஒரு பக்கம், வாயில் கசப்பு ஒரு பக்கம். அதன் மேல் காபி குடித்தால் காபியே கெட்டுப்போகும். மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடிக்க ஒரு நர்ஸம்மா சொல்லிக் கொடுத்தார். கசப்பு பாதிக்குப் பாதி போயிற்று. இந்த வித்தை டிமோலால் காலத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். பிறகு பிரின்சோலமைடுக்கு மாறினேன். எரிச்சல் குறைவு, ஆனால் நன்றாகக் குலுக்க வேண்டும், விட்டதும் கொஞ்ச நேரம் பால் கலந்த மாதிரி தெரியும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் இவை இரண்டையும் கேட்காமல் தொடக் கூடாது. ஒரு சொட்டுக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிஷம் விடுகிறேன்.

பிரிமோனிடின் என்ற சொட்டை நான் போட்டதில்லை. மச்சினருக்கு வாய் வறண்டு மதியமெல்லாம் தூக்கம், கடைசியில் கண் சிவந்து நிறுத்தினார்கள்.

இப்போது எனக்குப் பிரஷர் 14, 15. கூடப் பிறந்தவர்களும் பார்க்க வேண்டும் என்றதால் தம்பியைத் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். அவனுக்கு 24. டாக்டர் வாயைத் திறக்குமுன், "இவனுக்கு வீசிங் கிடையாது சார்" என்று நானே சொல்லிவிட்டேன்.