சென்னையா, ரீயூனியனா, தென்னாப்பிரிக்காவா? மொரிஷியஸ் தமிழ் மாணவருக்கு முன்னுள்ள மூன்று வழிகள்

பள்ளி இறுதித் தேர்வான எச்.எஸ்.சி.யின் முடிவுகள் வெளிவரும் வாரத்தில், மொரிஷியஸின் ரோஸ் ஹில் நகரில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஆண்டுதோறும் இரண்டு மூன்று குடும்பத்தினராவது வந்துவிடுவார்கள். பிள்ளையை எங்கே அனுப்பிப் படிக்க வைக்கலாம் என்று கேட்பார்கள். 2019 முதல் ரெதுயியிலுள்ள மொரிஷியஸ் பல்கலைக்கழகம் உள்ளிட்ட அரசு நிறுவனங்களில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. ஆகவே கடல் கடந்து படிக்கப் போகிறவருக்கு அதற்கென்று ஒரு காரணம் இருந்தாக வேண்டும். லண்டனும் மெல்பர்னும் பணம் உள்ளவர்களுக்கும் தேர்வில் முன்னணியில் வந்து அரசின் லோரேயா உதவித்தொகை பெறுகிறவர்களுக்கும் உரியவை என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். நடுத்தரத் தமிழ்க் குடும்பங்கள் உண்மையில் எடைபோட்டுப் பார்ப்பவை சென்னை, பிரான்சுக்கு உரிய பக்கத்துத் தீவான ரீயூனியன், தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்றே. நான் தொண்ணூறுகளில் சென்னையில் தமிழ் படித்தவன். என் அண்ணன் மகள் தென்னாப்பிரிக்காவில் பொறியியல் முடித்தாள். தங்கை மகன் இப்போது ரீயூனியனில் கணிதம் படிக்கிறான்.

இம்மூன்று இடங்களிலும் நம்மைப் போன்ற முகங்கள் உண்டு, நம் பெயர்களைப் போன்ற பெயர்களும் உண்டு. பெற்றோர் இதை ஆறுதலாக எண்ணுகிறார்கள். எனக்கோ இதுதான் பெரிய சிக்கலாகத் தெரிகிறது. அயலாராகத் தெரிகிற மாணவருக்கு யாரேனும் வழிகாட்டுவார்கள். உள்ளூர்க்காரரைப் போலத் தெரிகிறவரை எல்லாம் அறிந்தவராகவே எடுத்துக்கொள்வார்கள்.

சென்னையில் இது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் நம் ஊர் வழக்கப்படி ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. ஓர் அலுவலகத்தில் எழுத்தர் அதை மூன்று முறை உச்சரித்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “முத்துசாமி” என்றேன். “அப்படியே எழுத வேண்டியதுதானே தம்பி? சரி, இனிஷியல் என்ன?” என்றார். கப்பலேறி வந்த முப்பாட்டனின் பெயர்தான் எங்களுக்குக் குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது, எனக்கு இனிஷியலே கிடையாது என்று விளக்கி முடிப்பதற்குள் பின்னால் வரிசை நீண்டுவிட்டது. அதே நாளில் என் விடுதித் தோழரான கென்ய மாணவரை ஒருவர் கூடவே அழைத்துச் சென்று வங்கிக் கணக்குத் தொடங்கிக் கொடுத்தார். எனக்குக் கிடைத்தது, “போய்க் கேளுப்பா” என்பது மட்டுமே.

மொழியிலும் இதே கதைதான். நம் பிள்ளைகள் தமிழைப் பள்ளியில் ஒரு பாடமாகப் படிக்கிறார்கள். வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல். நான் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரிடம், “ஐயா, தாங்கள் அண்ணா சாலைக்குச் செல்வீர்களா?” என்று கேட்டேன். நான் கேலி செய்வதாக நினைத்து அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். பாடநூல் தமிழுக்கும் தெருத் தமிழுக்கும் இடையே உள்ள தொலைவைக் கடக்க எனக்கு ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது. அந்த ஓராண்டைக் கணக்கில் சேர்க்காமல் சென்னை மலிவு என்று யாரும் சொல்லக் கூடாது.

ஆனாலும் அது மலிவுதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தியப் பண்பாட்டு உறவுகள் குழுவான ஐ.சி.சி.ஆர். வழங்கும் உதவித்தொகை கிடைத்தால் கல்விக் கட்டணமும் மாதச் செலவில் பெரும்பகுதியும் நீங்கிவிடும். கிடைக்காவிட்டாலும் தங்கும் செலவும் உணவுச் செலவும் மற்ற இரு இடங்களைவிடக் குறைவு. மாறாக, மாணவர் விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. நூற்றுக்கு 75 வருகைப்பதிவு இல்லையென்றால் தேர்வெழுத முடியாது. 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருகிறவர் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவை முடிக்க வேண்டும். 2024 மார்ச்சில் இந்தியக் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு இங்கு வந்தபோது, இந்திய வம்சாவளியில் ஏழாம் தலைமுறை மொரிஷியஸ்காரரும் ஓ.சி.ஐ. எனும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை பெறலாம் என்று அறிவித்தார். அந்த அட்டை உள்ளவருக்கு இந்தப் பதிவுத் தொல்லை இல்லை. பழைய பிறப்புச் சான்றுகளைத் தேடியெடுக்கும் பொறுமை உள்ள குடும்பங்கள் அதை முதலில் வாங்கிவிடுவது நல்லது.

ரீயூனியன் இதற்கு நேர் எதிர். விமானத்தில் முக்கால் மணி நேரம், கடலில் சுமார் 230 கிலோமீட்டர். நம் கிரியோலில் “மோ பே மான்ஜே” (நான் சாப்பிடுகிறேன்) என்றால், அதையே “மி மான்ஷ்” என்று தம் கிரியோலில் பேசுகிற அவ்வூர்க்காரருக்கும் விளங்கிவிடும். தமிழ் வம்சாவளியினரான மலபார் மக்கள் அங்கே திரளாக வாழ்கிறார்கள். காவடியும் தீமிதியும் உண்டு, ஆனால் பேச்சுத் தமிழ் ஏறத்தாழ அற்றுப்போய்விட்டது. நம் முத்துசாமி அங்கே வேறோர் எழுத்துக்கூட்டலில் “முத்துஸாமி” ஆகிவிடுகிறார். தங்கை மகனை அலுவலகங்களில் பிரெஞ்சுக் குடிமகனாகவே எடுத்துக்கொள்கிறார்கள். சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கேட்டு, அவன் இல்லை என்றதும், அட்டையைத் தொலைத்துவிட்டதாக எண்ணிக் கடிந்துகொண்டார்களாம்.

அவனுக்கு உண்மையான சோதனை வகுப்பறையில்தான் வந்தது. நாம் பிரெஞ்சு பேசுகிறோம், செய்தித்தாளும் அதில்தான் படிக்கிறோம், ஆனால் தேர்வு எழுதுவது ஆங்கிலத்தில். வகைநுண்கணிதத்தையும் வெப்ப இயக்கவியலையும் ஆங்கிலச் சொற்களில் கற்றவன், அங்கே ஒவ்வொரு சொல்லையும் மனத்துக்குள் மாற்றிக்கொண்டே குறிப்பெடுக்க வேண்டியிருந்தது. மதிப்பெண் 20க்குப் போடுகிறார்கள். 10 எடுத்தால் தேர்ச்சி. எச்.எஸ்.சி.யில் ‘ஏ’ வாங்கிய பையன் முதல் தாளில் 8 வாங்கி, நள்ளிரவில் எனக்குத் தொலைபேசினான்: “மாமா, நான் முட்டாளாகிவிட்டேனா?” அங்கே 14 என்பதே நல்ல மதிப்பெண் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லத் தேவையில்லை, அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

கட்டண விஷயத்தில் கவனம் தேவை. பிரெஞ்சு அரசு 2019 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் புதிய மாணவர்களுக்குத் தொடக்கத்தில் இளநிலைக்கு ஆண்டுக்கு 2,770 யூரோ, முதுநிலைக்கு 3,770 யூரோ என்று தனிக் கட்டணம் வைத்தது. பல பல்கலைக்கழகங்கள் இதிலிருந்து விலக்கு அளிக்கின்றன. எனவே விலக்கு உண்டா என்பதை விண்ணப்பிக்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். விலக்குக் கிடைத்தாலும் சோற்றுச் செலவு மிஞ்சும். பிரான்சின் புள்ளியியல் நிறுவனமான இன்சே 2022இல் எடுத்த கணக்குப்படி, ரீயூனியனில் உணவுப்பொருள் விலை பெருநிலப் பிரான்சைவிட 37 விழுக்காடு அதிகம். தங்கை மாதம் ஒருமுறை யாரிடமாவது அரிசியும் மசாலாப் பொடியும் கொடுத்தனுப்புகிறாள். ஆண்டுக்கு 964 மணி நேரம் வேலை செய்ய மாணவருக்கு அனுமதி உண்டு என்பது இதற்கு ஓரளவு ஈடு.

தென்னாப்பிரிக்காவைப் பற்றி நம்மவர்களிடம் இருக்கும் கருத்துகள் பெரும்பாலும் திருட்டு, துப்பாக்கி என்ற இரண்டு சொற்களில் அடங்கிவிடுகின்றன. அச்சத்துக்குக் காரணம் உண்டு. இருட்டிய பின் இங்கே நடப்பதுபோல அங்கே நடக்க முடியாது. அதே சமயம், ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளின் கூட்டமைப்பான சாடெக்கின் 1997ஆம் ஆண்டுக் கல்வி உடன்படிக்கையின்படி உறுப்பு நாட்டு மாணவரை உள்நாட்டு மாணவருக்குரிய கட்டணத்திலேயே நடத்த வேண்டும் என்பதைப் பலர் அறிவதில்லை. நாம் 1995 முதல் உறுப்பு நாடு. அங்குள்ள பெரிய பல்கலைக்கழகங்கள் இதைப் பின்பற்றுகின்றன, மேலே ஒரு பன்னாட்டு மாணவர் கட்டணமும் வாங்குகின்றன. அந்நாட்டு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றில் சேராமல் படிப்பு விசா கிடைக்காது. கட்டணத்தில் பெரும்பகுதியைப் பதிவுக்கு முன்பே கேட்பார்கள். அந்த ஜனவரியில் அண்ணன் நிலப் பத்திரத்தை வங்கியில் வைத்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

பாடத்தின் தரத்தில் மூன்றில் முதலிடத்தைத் தென்னாப்பிரிக்காவுக்கே தருவேன். பாடமொழி ஆங்கிலம் என்பதால் எச்.எஸ்.சி. படித்தவருக்குத் தடையே இல்லை. ஆய்வகமும் பயிற்சி வகுப்பும் மாணவரை உட்கார விடுவதில்லை. 2015 அக்டோபரில் கட்டண உயர்வை எதிர்த்து நாடு முழுவதும் மாணவர் போராட்டம் வெடித்து வளாகங்கள் மூடப்பட்டபோது, அண்ணன் மகள் அறைக்குள் இருந்தபடியே, “சித்தப்பா, அவர்கள் கேட்பது நியாயம்தான், ஆனால் என் தேர்வு என்ன ஆகும்?” என்று கேட்டாள். 2016க்கான உயர்வு கைவிடப்பட்டது. அவளுக்கும் அதனால் பலன் கிடைத்தது. 1860இல் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிவந்த ட்ரூரோ கப்பலின் வழிவந்த கவெண்டர்களும் மூட்லிகளும், அதாவது கவுண்டர்களும் முதலியார்களும், நிறைந்த டர்பனுக்கு விடுமுறையில் போனபோது, அவளை வீட்டுப்பெண்ணாக உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். ஆனால் படிவங்களில் இனத்தைக் கேட்கும் கட்டம் வரும்போதெல்லாம் அவள் பேனா நின்றுவிடும். ‘இந்தியர்’ என்று குறித்தால் தன் நாடு விடுபட்டுப் போகிறதே என்பாள்.

ஆகவே அறிவியலும் பொறியியலும் என்றால், பணம் புரட்ட முடிந்தவருக்குத் தென்னாப்பிரிக்கா. பிரெஞ்சில் எழுதப் பழகியவருக்கு ரீயூனியன். தமிழ், இசை, நடனம் என்றால் ஐயமின்றிச் சென்னை. ஆனால் இந்தப் பரிந்துரையையும் நாள்காட்டி கவிழ்த்துவிடும். நம் தேர்வு அக்டோபர், நவம்பரில் நடக்கிறது. பிரெஞ்சு முதலாண்டு விண்ணப்பம் டிசம்பர் நடுவில் மூடிவிடுகிறது. தென்னாப்பிரிக்காவில் வகுப்பு பிப்ரவரியில் தொடங்குவதால், விண்ணப்பத்தை முந்தைய ஆண்டின் ஜூலை முதல் செப்டம்பருக்குள் அனுப்பியிருக்க வேண்டும். முடிவு வந்த பிறகு யோசிக்கிறவருக்கு மிஞ்சுவது சென்னை மட்டுமே.

இந்த ஆண்டும் ஒரு குடும்பம் அப்படித்தான் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு வந்தது. பெண்ணுக்குப் பரதநாட்டியத்தில் நாட்டம் என்பதால் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. ஆட்டோ ஓட்டுநரிடம் என்ன கேட்பாய் என்று மட்டும் கேட்டேன். “அண்ணா, மவுண்ட் ரோடு வருவீங்களா?” என்றாள். தொலைபேசியில் சமையல் காணொளிகளைப் பார்த்தே கற்றுக்கொண்டாளாம்.