‘திறக்காத ஒரிஜினல் சீக்கோ 5’ – சேலத்தில் பழைய வாட்ச் வாங்குவோர் கவனத்துக்கு

“ஏற்காடு எஸ்டேட் வீட்டுல இருந்து வந்தது சார். ஒரே கை, இதுவரைக்கும் திறக்கவே இல்லை.” சேலத்தில் பழைய வாட்ச் தேடும் எவரும் இதை ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். இப்படிச் சொல்லி 7,500 ரூபாய்க்கு விற்கப்பட்ட ஒரு சீக்கோ 5, எங்கள் சேகரிப்பாளர் வட்டத்துக்குப் பரிசோதனைக்கு வந்தது. விற்றவர் சொன்ன வருடம் 1978. விற்றவர் யார் என்பது இங்கே முக்கியமில்லை. இதே வேலையைப் பலர் செய்கிறார்கள். அடையாளங்கள் தெரிந்தால் போதும்.

பின்மூடியில் இரண்டு எண்கள் இருக்கும். நான்கு இலக்கம், ஒரு கோடு, மறுபடி நான்கு இலக்கம் என்று வருவது மாடல் எண். அதில் முதல் நான்கு இலக்கம்தான் உள்ளே இருக்க வேண்டிய மெஷின். இன்னொன்று சீரியல். அதன் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அக்டோபருக்கு ஓ அல்லது பூஜ்யம், நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. இந்த வாட்சின் சீரியல் 85 என்று தொடங்கியது. மே 1978 ஆகவும் இருக்கலாம், மே 1988 ஆகவும் இருக்கலாம். விற்பவர்கள் எப்போதும் மூத்த வருடத்தைத்தான் சொல்வார்கள், கேட்க நன்றாக இருக்கிறதல்லவா.

மூடியைத் திறந்ததும் வருடக் கணக்கெல்லாம் வீணாகிவிட்டது. மூடியில் 7009, உள்ளே 7எஸ்26. அந்த மெஷின் வந்ததே 1996இல். 7009இன் வழியில் வந்தது என்பதால் பழைய கேஸுக்குள், அதாவது வெளிக்கூட்டுக்குள், பெரிய மெனக்கெடல் இல்லாமல் உட்கார்ந்துவிடும். இரண்டுக்கும் மணிக்கு 21,600 துடிப்பு. இரண்டுமே சாவி கொடுத்து முடுக்க முடியாத ஆட்டோமேட்டிக். அதனால் காதில் வைத்துக் கேட்டோ, சாவியைத் திருப்பியோ கண்டுபிடிக்க முடியாது. ஆனால் 7009க்கு 17 ஜுவல் (உராய்வைக் குறைக்கும் சின்னக் கல்), 7எஸ்26க்கு 21 ஜுவல். ஒன்று மூடியைத் திறக்க வேண்டும், அல்லது டயலைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

டயலில்தான் அதிக மோசடி நடக்கிறது, ஏனென்றால் விலை அங்கேதான் இருக்கிறது. பழைய டயலின் பெயின்டைச் சுரண்டி, புதிதாக அடித்து, எழுத்துகளை மறுபடி அச்சிடுவார்கள். மும்பை ஸ்பெஷல் என்று உலகம் முழுக்கச் சேகரிப்பவர்கள் சொல்வது இதைத்தான். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் ஒரிஜினல் எழுத்தின் ஓரம் கத்தி வைத்து வெட்டினது மாதிரி இருக்கும். மறு அச்சில் மை பரவி எழுத்து தடித்திருக்கும். நிமிடக் கோடுகளும் ஒட்டியிருக்கும் மணிக் கட்டைகளும் நேருக்கு நேர் வராது. தேதி ஜன்னலின் உள்விளிம்பில் பெயின்ட் வழிந்திருக்கும். ஆறு மணிக்குக் கீழே ஓரத்தில் பொடி எழுத்தில் டயல் குறியீடு உண்டு, அதுவும் மெஷின் எண்ணில்தான் தொடங்கும். இந்த வாட்சில் அந்த இடத்தில் ஒரு நீல அழுக்குக் கோடு. முள்ளில் பூசியிருந்த ஒளிரும் பூச்சு இரவு முழுக்கப் பளிச்சென்று எரிந்தது. நாற்பது வருடப் பழைய பூச்சு அப்படி எரியாது.

டயலின் பின்புறம் இருக்க வேண்டிய இரண்டு கால்களையும் வெட்டிவிட்டு, சூப்பர் க்ளூ வைத்து மெஷின் மேல் ஒட்டியிருந்தார்கள். இரண்டு கெடுதல். டயல் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் தேதி ஜன்னலில் பாதி எண்தான் தெரியும். அந்தப் பசையின் ஆவி கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளையாகப் படியும். வாங்குபவர் அதை ஏற்காட்டு ஈரம் என்று நினைத்துக்கொள்வார். முட்களிலும் சிக்கல். 7எஸ்26க்கு மணி முள் துளை 1.5 மி.மீ., நிமிட முள் 0.9, வினாடி முள் 0.2. வேறு அளவு முள்ளை அழுத்தி ஏற்றினால் ஒன்றோடொன்று உரசி, தினமும் ஒரே இடத்தில் வாட்ச் நிற்கும்.

இந்த வாட்ச் நிற்கவில்லை, ஒரு மணி நேரத்துக்குப் பல நிமிடம் முந்தி ஓடியது. அளவுக்கு மீறி எண்ணெய் விட்டதில் ஹேர்ஸ்பிரிங்கின் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய சுருள் கம்பி) சுற்றுகள் ஒட்டிக்கொண்டால் ஸ்பிரிங்கின் நீளம் குறைந்த மாதிரி ஆகி, இப்படித்தான் ஓடும். காந்தம் ஏறினாலும் வேகம் கூடும், ஆனால் அதை ஒரு நிமிடத்தில் நீக்கிவிடலாம். இதற்கு முழு சர்வீஸ் வேண்டும். கேஸும் தப்பவில்லை. கொலுசுக்கு மெருகேற்றும் பஃபிங் சக்கரம் செவ்வாப்பேட்டையில் தெருவுக்குத் தெரு உண்டு. அதில் அழுத்திக் காட்டினால் கூரான ஓரங்கள் சோப்புக் கட்டி போல மழுங்கிவிடும், மூடி எண்ணும் தேயும்.

எச்எம்டியில் விளையாட்டு வேறு. ஜனதா, பைலட் என்ற இரண்டு மாடலுக்கும் ஒரே 0231 வகை மெஷின், 17 ஜுவல். ஜனதாவில் புதிதாக அச்சடித்த கறுப்பு டயலை வைத்தால் பைலட் ஆகிவிடும். சுத்தமான, கீறலே இல்லாத பைலட் டயல் மழுங்கிய கேஸில் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

மாற்றுப் பாகம் என்றாலே குற்றமா என்பதில் எங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. கண்ணாடி, கேஸ்கெட், மெயின்ஸ்பிரிங், சாவி மாற்றியதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. எச்எம்டி வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு 2016இல் முடிவெடுத்துவிட்டது. இனி இரண்டு பழுதானதைச் சேர்த்து ஒன்றை ஓட வைப்பதுதான் வழி என்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. டயலை மாற்றினால் அது வேறு வாட்ச் என்பது கறார்க்காரர்கள் கட்சி. ஆசைக்கு மாடிஃபை செய்து, செய்ததைச் சொல்லி விற்பவர்களோடு இரண்டு கட்சிக்கும் சண்டையில்லை. சொல்லாமல் ஒரிஜினல் விலை வாங்குவதுதான் திருட்டு.

பணம் அனுப்பும் முன் நான்கு படம் கேளுங்கள்: டயலின் ஆறு மணிப் பக்கம் நெருக்கத்தில், பின்மூடி எண்கள், மூடி திறந்த மெஷின், சாவிப் பக்கக் கேஸ் ஓரம். “திறந்தா வாட்டர் ப்ரூஃப் போயிடும்” என்று சொன்னால் விட்டுவிடுங்கள். நேரில் வாங்கினால் நம்பிக்கையான ரிப்பேர் கடையில் வைத்துத் திறக்கச் சொல்லி, அதன் பிறகு பணம் கொடுங்கள். ‘ஒரிஜினல் டயல், ஒரிஜினல் மெஷின்’ என்ற வார்த்தைகள் பில்லிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தாக இருக்கட்டும்.

இந்த வாட்சுக்குக் கிடைத்த பதில், “பழசுன்னா அப்படித்தான் சார் இருக்கும், ரிட்டர்ன் கிடையாது.” வியாபாரமாக விற்பவர் இப்படிச் சொன்னால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யலாம். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை. திறந்த மெஷின் படமும், அதில் என்ன இருக்கிறது என்று ரிப்பேர் கடைக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டும் மனுவோடு போக வேண்டும். அதுவரை வாட்சை சர்வீஸுக்குக் கொடுக்காதீர்கள்.